முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி: எலியின் எந்த நரம்பு பதில் சொல்கிறது?

2005ஆம் ஆண்டு டோக்கியோ பெருநகர முதியோர் ஆய்வு நிறுவனத்தில் ஃபுசாகோ ககிதானியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். எலியின் பின்னங்காலில் அக்குபங்சர் ஊசியைச் செருகித் திருகும்போது, அங்கிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு நரம்பிழைகளில் எவை எவை கிளர்ச்சி அடைகின்றன? நோய் குணமாகிறதா, வலி குறைகிறதா என்று அவர்கள் அந்த ஆய்வில் பார்க்கவில்லை. ஊசி உடம்பில் எதையாவது செய்கிறது என்றால் முதலில் அது ஒரு நரம்பின் நுனியை எட்டியாக வேண்டும். அந்த முதல் தொடர்பை மட்டும் பதிவுசெய்ய நினைத்தார்கள்.

அக்குபங்சர் பற்றிய பேச்சுகளில் நான் பெரிதும் மதிக்கும் கேள்வி இதுதான். உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் தடங்கள் உண்டா இல்லையா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆனால் தோலைத் தாண்டி ஊசி உள்ளே போன கணத்திலிருந்து நடப்பது உடலியங்கியல். அதை அளக்க முடியும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் சூசான்லி என்ற ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, விலங்கு ஆய்வுகள் அதன் அடியில் எதைக் கண்டன என்று இங்கே பார்க்கப்போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளிக்கென்று தனிச் சக்தி கிடையாது. அதன் அடியில் எந்த இழை ஓடுகிறது, ஊசி எவ்வளவு ஆழம் போகிறது, தூண்டல் எவ்வளவு வலுவாக இருக்கிறது, உடம்பு அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

புள்ளி இருக்கும் இடம்

சீன மருத்துவக் கணக்கில் சூசான்லி, வயிற்றுத் தடத்தின் 36ஆவது புள்ளி. மனிதரில் முழங்கால் சில்லுக்குக் கீழே ஏறத்தாழ நான்கு விரற்கடை இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது. அங்கே விரலை வைத்துக்கொண்டு பாதத்தை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், விரலுக்கு அடியில் ஒரு தசை இறுகும். அது முன் கணைக்கால் தசை. அதன் ஆழத்தில் பெரோனியல் நரம்பின் ஆழ்கிளை ஓடுகிறது. அது சியாட்டிக் நரம்போடு சேர்ந்து இடுப்புக்கு ஏறி, தண்டுவடத்தை அடைகிறது.

எலியிலும் சுண்டெலியிலும் இதே அமைப்பு சிறிய அளவில் உண்டு: முழங்காலுக்குச் சில மில்லிமீட்டர் கீழே, எலும்பை ஒட்டி, வெளிப்பக்கம். ஊசி போடுவதும் எளிது, நரம்பு போகும் வழியும் தெளிவு. அதனால்தான் ஆய்வகங்கள் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்கே வருகின்றன.

ஓர் இழையைத் தனியே பிடிப்பது

இத்தகைய பதிவுகளில் பெரும்பாலும் எலிக்கு யூரித்தேன் கொடுத்து மயக்குகிறார்கள். ஆழ்ந்த, நீண்ட மயக்கம். அனிச்சைச் செயல்களை அது அதிகம் குலைப்பதில்லை. ஆனால் யூரித்தேன் கொடுத்த விலங்கை மறுபடி எழுப்புவதில்லை. பதிவு முடியும்போது அதன் உயிரும் முடிகிறது. இந்தத் துறையின் ஒவ்வொரு வரைபடத்துக்கும் பின்னால் இந்த விலை இருக்கிறது. அதை மறந்துவிட்டு முடிவுகளை மட்டும் எடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

காலிலிருந்து வரும் உணர்வு இழைகள் தண்டுவடத்தின் பின்வேர்கள் வழியாக உள்ளே நுழைகின்றன. எலியின் பின்னங்காலுக்கு நான்காவது, ஐந்தாவது இடுப்பு வேர்கள் முக்கியமானவை. முதுகெலும்பின் பின்பக்கத்தை அகற்றி அந்த வேர்களை வெளியே தெரியவைக்கிறார்கள். வேர் என்பது ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. இத்தகைய பதிவுகளில் அது உலர்ந்துபோகாமல் எண்ணெயில் மூழ்கியிருக்க, நுண்ணோக்கியைப் பார்த்தபடியே மெல்லிய இடுக்கியால் கட்டைப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். பிரித்த நூலை ஓர் உலோக மின்முனையின் மேல் கிடத்தினால், அதில் ஓடும் மின்துடிப்புகள் திரையில் முட்களாக எழும், ஒலிபெருக்கியில் சொடக்குகளாகக் கேட்கும். பல இழைகள் ஒன்றாக இருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும். இன்னும் பிரிக்க வேண்டும். ஒரே உயரம், ஒரே வடிவம் கொண்ட துடிப்பு மட்டும் மிஞ்சும்போதுதான், கேட்பது ஒரே ஓர் இழையின் குரல் என்று சொல்ல முடியும். கை நடுங்கினால் இழை அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, அந்த இழை எந்த வகை என்று தெரிய வேண்டும். அதற்கு வேகத்தை அளக்கிறார்கள். காலில் நரம்பை ஒரு சிறிய மின்னதிர்வால் தூண்டி, துடிப்பு வேருக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் போதும். வழியின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு 2 மில்லிநொடியில் வந்துவிட்டால் வேகம் நொடிக்கு 50 மீட்டர்: மையலின் என்ற கொழுப்புறை போர்த்திய தடித்த இழை. 100 மில்லிநொடி ஆனால் நொடிக்கு 1 மீட்டர்: உறையே இல்லாத மெல்லிய இழை. நரம்பிழைகளின் தடிமனுக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை வெளிக்கொண்டுவந்ததற்காகத்தான் எர்லாங்கரும் காஸரும் 1944இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தசையிலிருந்து வரும் இழைகளை உடலியங்கியலார் நான்கு பிரிவுகளாக வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவு மிக வேகமானது. தசையின் நீட்சியையும் தசைநாணின் இழுவிசையையும் சொல்வது அதன் வேலை. இரண்டாம் பிரிவு நீட்சியோடு தொடுதலையும் அழுத்தத்தையும் சொல்கிறது. மூன்றாம் பிரிவின் இழைகளுக்கு உறை உண்டு, ஆனால் மெல்லியது. வலுத்த அழுத்தமும் சுருக்கென்ற வலியும் இதன் வழியாகப் போகின்றன. நான்காம் பிரிவுக்கு உறையே கிடையாது. மந்தமான, பரவும் வலி, வெப்பம், களைத்த தசையில் சேரும் வேதிப்பொருள்கள் ஆகியவை இதன் துறை.

ககிதானி குழுவின் முடிவு, ஆய்வுத் தலைப்பிலேயே சொல்லப்பட்டதுதான்: கையால் திருகிய அக்குபங்சர் ஊசி நான்கு பிரிவு இழைகளையும் கிளர்ச்சியூட்டியது. ஊசியை நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை என்ற வேகத்தில் இடவலமாகத் திருகினார்கள். இழைகள் அதற்கேற்பத் துடித்தன.

இந்த முடிவு ஏன் முக்கியம்? ஊசி குத்துவது வெறும் வலித் தூண்டல்தான் என்று சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. தசை நீட்சியைச் சொல்லும் முதல் பிரிவு இழை அந்தச் சுருக்கத்துக்குள் அடங்காது. மறுபக்கம், ஊசியின் விளைவெல்லாம் நம்பிக்கையின் விளைவே என்கிறவர்களும் உண்டு. நோயாளிக்குக் கிடைக்கும் ஆறுதலைப் பற்றி அந்த வாதத்துக்கு நியாயம் இருக்கலாம்; மயங்கிக் கிடக்கும் எலியின் பின்வேரில் எழும் துடிப்பைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஆனாலும் அந்த முடிவில் ஒரு சங்கடம் இருக்கிறது. நான்கு பிரிவும் விழித்துக்கொள்கின்றன என்றால், எது விளைவைத் தருகிறது? எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால், உள்ளே வந்தவர் எந்தக் கதவு வழியாக வந்தார் என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை கிடைக்க மேலும் 16 ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு பகுதி விடைதான்.

திசுவுக்குள் நடப்பது

ஊசி எப்படி இவ்வளவு இழைகளை எட்டுகிறது? அதன் முனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குகூட இல்லை. அது நேராக ஒரு நரம்பைக் குத்துவது அபூர்வம். அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் எலென் லாஞ்ச்வின் 2000ஆம் ஆண்டையொட்டிச் செய்த வேலை இதைத் தெளிவாக்கியது. ஊசியைத் திருகும்போது, பம்பரத்தில் சாட்டை சுற்றிக்கொள்வதுபோல் தோலுக்கு அடியில் உள்ள கொலாஜன் இழைகள் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன. அதன் பிறகு ஊசியை வெளியே இழுக்க அதிக விசை தேவைப்படுகிறது. அந்த விசையை அவர் மனிதரிலும் அளந்தார், எலியின் திசுவிலும் அளந்தார். சிகிச்சையாளர்கள் காலங்காலமாக விரலில் உணர்ந்துவந்த, ஊசி உள்ளே பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிப்புக்கு இப்படி ஓர் இயற்பியல் முகம் கிடைத்தது. இழுபடும் கொலாஜன், ஊசியிலிருந்து தள்ளியிருக்கும் நரம்பு நுனிகளையும் அசைக்கிறது. முனை மிகச் சிறியது, அது அசைக்கும் வட்டம் பெரியது.

2010இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு இதே சூசான்லியில் வேதியியலைப் பார்த்தது. சுண்டெலிக்கு அரை மணி நேரம் ஊசி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திருகல். அசைக்கப்பட்ட திசுவில் செல்களுக்கு வெளியே அடினோசினின் அளவு ஏறத்தாழ 24 மடங்கு உயர்ந்தது. அடினோசின், வலி இழைகளை அமைதிப்படுத்தும் ஒரு மூலக்கூறு. அது பற்றிக்கொள்ளும் ஏ1 ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளில் ஊசியால் வலி குறையவில்லை. அடினோசின் சிதைவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது வலிநீக்கம் நீண்ட நேரம் நின்றது. ஊசி போட்ட காலில் மட்டுமே இந்தப் பலன் தெரிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். உடம்பு முழுதும் பரவும் விளைவுக்கு இது விளக்கம் ஆகாது.

பரவும் வலிநீக்கத்துக்கு வேறு வரலாறு இருக்கிறது. 1976இல் டொரொன்டோவில் பொமரான்ஸும் சியூவும், நலாக்சோன் என்ற ஓப்பியம் எதிர்ப்பு மருந்து சுண்டெலிகளில் அக்குபங்சரின் வலிநீக்கத்தை முறித்துவிடுவதைக் காட்டினார்கள். உடம்பே சுரக்கும் எண்டார்பின்கள் இதில் பங்கெடுக்கின்றன என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. பின்னர் 1990இல் பாரிஸில் பிங், வில்லனுவேவா, லெ பார் ஆகிய மூவரும் எலியில் செய்த ஆய்வைப் புள்ளிகளை நம்புகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சூசான்லியில் ஊசியைத் திருகியபோது, முகத்திலிருந்து வலிச் செய்தி வாங்கும் நரம்பணுக்கள் அடங்கின. நலாக்சோன் அந்த அடக்கத்தைக் குறைத்தது. புள்ளியல்லாத பக்கத்து இடத்தில் ஊசி போட்டபோதும் அதே அளவு அடங்கின. உடம்பின் ஓரிடத்தில் வலுவான தூண்டல் வந்தால் வேறோர் இடத்தின் வலி அடங்கும் என்ற பொதுவான நரம்பு விதி இங்கே வேலை செய்கிறது. அந்த விதிக்குப் புள்ளி எது என்று தெரியாது.

ஆகவே வலியை மட்டும் வைத்துப் பார்த்தால், சூசான்லிக்குச் சிறப்பு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. சிறப்பு தெரிந்தது வேறு இடத்தில்: உள்ளுறுப்புகளில்.

வயிற்றில் குத்தினால் ஒன்று, காலில் குத்தினால் வேறொன்று

டோக்கியோவில் அகியோ சாத்தோ 1970களிலிருந்தே இதைத் தொடர்ந்துவந்தார். உடம்பின் மேற்பரப்பைத் தொட்டால், கிள்ளினால், குத்தினால் இரைப்பையும் இதயமும் சிறுநீர்ப்பையும் என்ன செய்கின்றன என்பது அவர் வாழ்நாள் கேள்வி. 1993இல் அவரும் உச்சிதா உள்ளிட்ட சகாக்களும் மயக்கிய எலியின் இரைப்பைக்குள் ஒரு சிறு பலூனை வைத்து அழுத்தத்தைப் பதிவுசெய்தார்கள். வயிற்றுப் பக்கம் ஊசியைத் திருகியபோது இரைப்பையின் அசைவு தளர்ந்தது. பின்னங்காலில் திருகியபோது அசைவு கூடியது.

வழிகளும் வெவ்வேறு. வயிற்றுத் தூண்டல் தண்டுவடத்துக்குள்ளேயே திரும்பி, அங்கிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் பரிவு நரம்புகள் வழியாக இரைப்பையை அடக்குகிறது. கால் தூண்டல் மூளைத்தண்டு வரை ஏறி, வேகஸ் நரம்பின் வழியாக இறங்கி இரைப்பையை ஊக்குகிறது. ஒரே ஊசி, ஒரே கை, ஒரே திருகல். இடம் மாறியதும் விளைவு நேரெதிர் ஆகிறது. புள்ளிகளின் வரைபடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இடம் முக்கியம் என்பதை இந்தப் பதிவுகளைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை.

கலிஃபோர்னியாவில் ஜான் லாங்ஹர்ஸ்ட் பூனைகளில் செய்த இதய ஆய்வுகள் இன்னொரு பாடத்தைச் சேர்த்தன: தூண்டலின் அதிர்வெண். தடித்த இழைகள் நொடிக்கு நூறு துடிப்பு கொடுத்தாலும் கடத்திவிடும். மெல்லிய இழைகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. எனவே மூன்றாம், நான்காம் பிரிவுகளை எட்ட நினைத்தால், நொடிக்கு இரண்டு என்பதுபோன்ற தாழ்ந்த அதிர்வெண்ணே பொருந்தும்.

பாஸ்டனின் சுண்டெலிகள்

2014இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் உயோவாவின் குழு, சீழ்நஞ்சு (தொற்றால் உடம்பெங்கும் அழற்சி மூளும் நிலை) உண்டான சுண்டெலிகளின் சூசான்லியில் ஊசி வழியாக மின்னோட்டம் செலுத்தியது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற செய்தி மூலக்கூறுகள் குறைந்தன. சியாட்டிக் நரம்பையோ வேகஸ் நரம்பையோ வெட்டிவிட்டால் பலன் போய்விட்டது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டாலும் பலன் இல்லை. அட்ரினல் சுரப்பி டோபமைனை வெளியிட்டு அழற்சியைத் தணிக்கிறது என்பது அவர்கள் முடிவு. காலில் தொடங்கி, மூளைத்தண்டைத் தொட்டு, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் முடியும் ஒரு நீண்ட வளையம் அங்கே தெரிந்தது. அதன் முதல் கண்ணி, அதாவது காலில் எந்த இழை என்பது, இன்னும் விடுபட்டிருந்தது.

அதைத் தேடியவர் பாஸ்டனில் ஹார்வர்டில் பணியாற்றிய சியூஃபு மா. அவர் உணர்வு நரம்பணுக்களின் வளர்ச்சியையும் வகைகளையும் ஆராய்ந்துவந்த நரம்பியலார். ஷென்பின் லியூவும் சீன ஆய்வகங்களைச் சேர்ந்தவர்களும் உடன் இருந்தார்கள். 2020இல் வந்த முதல் ஆய்வு, இடத்தோடு வலிமையையும் சேர்த்துப் பார்த்தது. பாக்டீரிய நச்சைச் செலுத்திச் சுண்டெலிகளில் கடும் அழற்சியை உண்டாக்கினார்கள். சூசான்லியில் 0.5 மில்லி ஆம்பியர் என்ற மெல்லிய மின்னோட்டம் வேகஸ் வழியாக அட்ரினலை எட்டி அழற்சியைக் குறைத்தது. வயிற்றில், தொப்புளுக்குப் பக்கவாட்டில் உள்ள புள்ளியில் அதே 0.5 மில்லி ஆம்பியருக்கு அந்த வழி திறக்கவில்லை. அங்கே மின்னோட்டத்தை 3 மில்லி ஆம்பியராக உயர்த்தியபோது வேறு வழி திறந்தது: தண்டுவடத்திலிருந்து பரிவு நரம்புகள், அங்கிருந்து மண்ணீரல்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த கண்டுபிடிப்பு. வயிற்றில் கொடுத்த அந்த வலுவான தூண்டலை நச்சு செலுத்துவதற்கு முன்பே கொடுத்தால் அழற்சி குறைந்தது, அதிகச் சுண்டெலிகள் பிழைத்தன. அழற்சி மூண்ட பிறகு அதையே கொடுத்தால் அழற்சி கூடியது, சுண்டெலிகளின் நிலை மோசமானது. காரணத்தையும் அவர்கள் தேடிக் கண்டார்கள். பரிவு நரம்புகள் விடும் நோர்அட்ரினலின் இரண்டு வேளையிலும் ஒன்றுதான். அதை வாங்கும் எதிர்ப்புச் செல்கள்தான் மாறிவிட்டிருந்தன. நலமாக இருக்கும்போது பீட்டா-2 ஏற்பி வழியாக அது அழற்சியை அடக்குகிறது. நோய் மூண்ட பிறகு ஆல்ஃபா-2 ஏற்பிகள் பெருகி, அவற்றின் வழியாக அதே வேதிப்பொருள் அழற்சியைக் கிளறிவிடுகிறது. பக்கவிளைவே இல்லாத சிகிச்சை என்று அக்குபங்சரை விளம்பரப்படுத்துகிறவர்கள் இந்தச் சுண்டெலிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நரம்பை உண்மையிலேயே தூண்டுகிற எதற்கும் தீங்கு செய்யும் ஆற்றலும் இருக்கும்.

2021 அக்டோபரில் நேச்சர் இதழில் இரண்டாவது ஆய்வு வந்தது. இந்த முறை விடுபட்ட கண்ணி கிடைத்தது. உணர்வு நரம்பணுக்களில் ஒரு பிரிவு, புரோகைனெட்டிசின் ஏற்பி 2 என்ற மரபணுவால் அடையாளம் காணக்கூடியது. அந்த அணுக்களின் இழைகள் சுண்டெலியின் பின்னங்காலில், தசைகளைப் போர்த்தும் ஆழமான திசுப்படலத்தில், எலும்பைப் போர்த்திய உறை வரை, பரவியிருக்கின்றன. வயிற்றின் படலத்தில் அவை இல்லை. சாத்தோ கண்ட கால், வயிறு வேறுபாட்டுக்கு இப்படி உடற்கூற்றில் ஒரு பிடிமானம் கிடைத்தது. சாத்தோ பார்த்தது இரைப்பையை, மா பார்த்தது அட்ரினலை. வழி ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டிலும் கால்தான் வேகஸை அழைக்கிறது.

ஒரு நரம்பு இருக்கிறது என்பதால் அதுதான் வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. அதைச் சோதிக்க இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: அது இல்லாவிட்டால் விளைவு போகிறதா? அது மட்டும் இருந்தால் விளைவு வருகிறதா?

முதல் கேள்விக்கு, மரபணு உத்தியால் அந்த நரம்பணுக்களை மட்டும் டிப்தீரியா நச்சுக்கு இலக்காக்கி அழித்தார்கள். தோலும் தசையும் மற்ற நரம்புகளும் அப்படியே இருந்தன. அதே இடம், அதே ஊசி, அதே 0.5 மில்லி ஆம்பியர். மூளைத்தண்டில் வேகஸின் நரம்பணுக்கள் விழிக்கவில்லை. அட்ரினலின் சுரப்பு கூடவில்லை. அழற்சி குறையவில்லை. ஆனால் வலுவான மின்னோட்டத்தால் வரும் பரிவு அனிச்சை மட்டும் பழையபடி வந்தது. அழித்தது நரம்பு மண்டலத்தைப் பொதுவாகக் குலைத்துவிடவில்லை, ஒரே ஒரு வழியைத்தான் மூடியது என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது கேள்விக்கு ஒளியைப் பயன்படுத்தினார்கள். ஒளி பட்டால் திறக்கும் அயனி வாயிலை அந்த நரம்பணுக்களில் மட்டும் மரபணு வழியாகப் பொருத்தி, சூசான்லி இருக்கும் இடத்தில் ஒளியைச் செலுத்தினார்கள். மின்னோட்டம் இல்லை, திருகல் இல்லை. வேகஸ்–அட்ரினல் வழி திறந்துகொண்டது. பரிவு அனிச்சை எழவில்லை. நான்கு பிரிவும் ஒன்றாக விழித்துக்கொண்ட டோக்கியோ எலியில் பிரித்தறிய முடியாமல் இருந்தது, இங்கே ஒரு வகை நரம்பணுவுக்குச் சுருங்கிவிட்டது. இந்த ஆய்வின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

ஒரு கடினமான சோதனையும் செய்தார்கள். இந்த இழைகள்தான் காரணம் என்றால், அவை எங்கே அடர்த்தி, எங்கே அரிது என்று பார்த்தே எந்த இடம் பலன் தரும் என்று சொல்ல முடிய வேண்டும். கணைக்காலின் முன்பக்கத் தசையில் அவை அடர்ந்திருக்கின்றன, பின்பக்கக் கெண்டைக்கால் தசையில் குறைவு. முன்பக்கத்தில் பலன் தந்த மெல்லிய மின்னோட்டம் கெண்டைக்காலில் அந்தப் பலனைத் தரவில்லை. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் சுண்டெலியில் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளேதான்.

எப்படி வாசிப்பது

இந்த ஆய்வுகளை "அக்குபங்சரை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று பகிர்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே வருகிறது. நிரூபிக்கப்பட்டது, ஒரு குறிப்பிட்ட நரம்பணு வகை, ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்துக்கு, சுண்டெலியில், பாக்டீரிய நச்சால் வந்த அழற்சியில் என்ன செய்கிறது என்பதுதான். அது சிறிய விஷயம் அல்ல. ஆனால் முதுகுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஒரே மூச்சில் நீட்டிவிடக் கூடியதும் அல்ல. ஆற்றல் தடங்களுக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. வயிற்றுத் தடத்தின் புள்ளியான சூசான்லிக்கும், அதே தடத்தைச் சேர்ந்த அந்த வயிற்றுப் புள்ளிக்கும் எதிரெதிரான நரம்பு வழிகள் இருக்கின்றன. ஒரு தடம் என்பது ஓர் அலகு என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

மின்னூசியையும் கையால் திருகும் ஊசியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. மின்னோட்டம் இழைகளை அவற்றின் தடிமனை ஒட்டி எழுப்புகிறது: குறைந்த அளவில் தடித்தவை, கூட்டக் கூட்ட மெல்லியவை. திருகல் திசுவை இழுக்கிறது. இழுவையை உணரும் நுனி எந்தத் தடிமன் இழையுடையதாக இருந்தாலும் துடிக்கும். ககிதானியின் முடிவு திருகலுக்கு, மாவின் முடிவு மின்னோட்டத்துக்கு. ஒன்றின் ஆதாரத்தை மற்றொன்றுக்குக் கடன் கொடுப்பது இந்தத் துறையின் நூல்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் புள்ளியைத் தொடும் முறை பலருக்குப் பழக்கம். அதற்கும் இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறார்கள். மா கண்ட இழைகள் இருப்பது ஆழ்ந்த படலத்தில், எலும்பின் உறையை ஒட்டி. லாஞ்ச்வின் கண்ட கொலாஜன் சுற்றலுக்கு ஒரு ஊசியும் திருகலும் வேண்டும். மெல்லத் தொட்டால் தோலின் தொடு இழைகள் பதில் சொல்லும் என்பது உண்மை. ஆனால் இங்கே விவரித்த வழிகள் எதுவும் அதனால் திறந்ததாக இந்த ஆய்வுகள் காட்டவில்லை. கடும் காய்ச்சலோடு அல்லது சீழ்நஞ்சோடு இருக்கும் ஒருவரை, இந்த முடிவுகளை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுப்பது பெரும் அநீதி.

இனி மனிதரில் நடக்கும் ஆய்வுகளுக்கு வருவோம். "சூசான்லியில் ஊசி போட்டோம்" என்ற ஒற்றை வரி இனிப் போதாது. ஊசி தசையோடு நின்றதா, படலத்தைத் தாண்டி எலும்பின் உறையை ஒட்டியதா. மின்னோட்டம் எவ்வளவு, அதிர்வெண் எவ்வளவு. நோய் தொடங்கும் முன்பா, மூண்ட பிறகா என்றெல்லாம் எழுதினால்தான் ஓர் ஆய்வை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடியும். ஒப்பீட்டுக்குப் போலி ஊசி போடுகிறவர்கள் புள்ளியிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுவது வழக்கம். அந்தத் தள்ளிய இடத்திலும் அதே இழைகள் ஓடினால் இரண்டு குழுவுக்கும் ஒரே சிகிச்சை கொடுத்ததாகவே ஆகும். பாரிஸ் எலிகள் 1990இலேயே அதைச் சொல்லிவிட்டன. கெண்டைக்கால் போன்ற, இழைகள் அரிதான இடத்தை எடுத்து, ஆழத்தையும் மின்னோட்டத்தையும் சமமாக வைத்து ஒப்பிடுவதே நேர்மையான சோதனை. அதற்கு முன்பு மனிதக் காலின் படலத்தில் இந்த இழைகளுக்கு நிகரானவை எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று வரைந்துகொள்ள வேண்டும். தானமாகக் கிடைத்த உடல்களின் திசுவை வைத்தே அந்த வேலையைத் தொடங்கலாம். அதற்கு இன்னொரு சுண்டெலியைக் கொல்ல வேண்டியதில்லை.